அக்கா பையன் இன்னும் பேசலையா?

செமஸ்டர் லீவுக்கு வீட்டுக்குப் போயிருக்கீங்க. அக்கா பையனுக்கு ரெண்டரை வயசு. செம துறுதுறு. உங்க செல்போனைப் பிடுங்கி, தனக்கு வேண்டிய வீடியோவைத் தானே தேடி எடுக்கிற அளவுக்குக் கில்லாடி. ஆனா வாயைத் திறந்து 'மாமா' என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்! தண்ணி வேணும்னா உங்க கையைப் பிடிச்சுக் குடத்துப் பக்கம் இழுத்துட்டுப் போறான். உங்களுக்குப் புரியலைன்னா ஒரே அழுகை.

'என்னக்கா, இவன் இன்னும் பேசலையா?' என்று கேட்டுப் பாருங்க. அக்கா வாயைத் திறக்கிறதுக்குள்ளே வீடே பதில் சொல்லும். 'இவங்க அப்பனே மூணு வயசுலதாம்ப்பா பேசினான்.' 'ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்.' 'நாக்கு தடிச்சிருக்கு, வசம்பைச் சுட்டுத் தடவுனா சரியாப் போகும்.' 'பழனிக்கு முடிஞ்சு வெச்சிருக்கோம்.' 'ஸ்கூல்ல போட்டா தானாப் பேசிடுவான், விடு!' நடுவுல யாராவது ஒரு பெரியப்பா, 'திண்டுக்கல் பூட்டைக் கொண்டுபோய் வாயில போட்டுட்டீங்களா?' என்று கடிப்பார். (நம்ம ஊர் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடே கிடைச்சாச்சு. ஜோக் மட்டும் அப்படியே இருக்கு!)

எல்லாம் பாசத்துல சொல்றதுதான். ஆனா எல்லாத்துக்கும் அர்த்தம் ஒண்ணுதான்: இன்னும் கொஞ்ச நாள் காத்திரு.

காத்திருந்தா என்ன நஷ்டம்னு கேட்கிறீங்களா? விவசாயத்துக்கு ஆடிப்பட்டம் மாதிரி, மூளைக்கும் ஒரு பட்டம் இருக்கு. பிறந்ததில் இருந்து முதல் மூணு, மூணரை வருஷம். காது வழியா வர்ற சத்தத்தை 'இது பேச்சு' என்று பிரிச்சுப் புரிஞ்சுக்கிற வேலையை மூளை அப்போதான் மும்முரமாச் செய்யும். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளை வெச்சு அனு சர்மா என்ற ஆராய்ச்சியாளரும் அவர் குழுவும் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்து 2002-ல் வெளியிட்டாங்க. மூணரை வயசுக்குள்ள கருவி பொருத்திய குழந்தைகளோட மூளை, சில மாதங்களிலேயே மற்ற குழந்தைகளோட மூளை மாதிரி சத்தத்துக்குப் பதில் சொல்ல ஆரம்பிச்சது. ஏழு வயசுக்கு மேல பொருத்தினவங்களுக்குப் பெரும்பாலும் அப்படி நடக்கலை. கருவி அதே கருவிதான். பட்டம்தான் தப்பிப்போச்சு.

எது நார்மல், எது லேட்? தோராயமா ஒரு கணக்கு மனசுல வெச்சுக்குங்க. ஆறு, ஏழு மாசத்துல சத்தம் வர்ற பக்கம் குழந்தை திரும்பணும், 'பாபாபா', 'தாதாதா' என்று உளறணும். ஒரு வயசை ஒட்டி அர்த்தத்தோட ஒரு வார்த்தை. ஒன்றரை வயசுல சில வார்த்தைகள். ரெண்டு வயசுல 'அம்மா வா', 'பால் வேணும்' என்று ரெண்டு ரெண்டா கோக்கணும். 'ழ' வரலை, 'ர'வுக்குப் பதிலா 'ல' வருதுங்கிறதுக்கெல்லாம் ரெண்டு வயசுல கவலைப்பட வேண்டாம். அதுகள்லாம் மெதுவா வர்ற எழுத்துகள். காலேஜ்ல படிக்கிற நம்ம ஆளுங்க பாதிப் பேர் 'பளம்' என்றுதானே சொல்றோம்! ஆனா ரெண்டு வயசு தாண்டியும் வார்த்தையே கோக்கலைன்னா, அதுக்கு முன்னாடியே பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலைன்னா, விரல் நீட்டி எதையும் காட்டலைன்னா, வந்த வார்த்தையும் நின்னு போச்சுன்னா, அன்னிக்கே கிளம்ப வேண்டியதுதான்.

வசம்பு பத்தி ஒரு வார்த்தை. 'பிள்ளை வளர்ப்பான்' என்று அதுக்கு அழகான பேர் உண்டு. பாட்டி வைத்தியத்து மேல எனக்கும் மரியாதை உண்டு. ஆனா பேச்சு தொடங்காததுக்குக் காரணம் பெரும்பாலும் நாக்கு இல்லை. நாக்குக்கு அடியில ஒட்டியிருந்தாக்கூட சில எழுத்துகள் சரியா வராமப் போகலாம். பேச்சே வராமப் போகாது. பச்சைக் குழந்தை நாக்குல வசம்பு தடவுறது வாந்தி, மயக்கம் வரைக்கும் கொண்டுபோய் விடலாம் என்பதால குழந்தை டாக்டர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

முதல்ல காது!

பேச்சு வரலைன்னா முதல்ல பார்க்க வேண்டியது வாயை இல்லை, காதை. கேட்காத பாஷையை யாரால பேச முடியும்?

'அதெல்லாம் நல்லாக் கேக்குது, கதவைச் சாத்துனா டக்குன்னு திரும்புறானே' என்று அத்தை சாதிப்பாங்க. தட்டைக் கீழே போட்டுக் காட்டுவாங்க. இங்கேதான் பல வீடுகள் ஏமாந்து போகுது. கதவு சாத்தினா தரை அதிரும். கை தட்டினா காத்து முதுகுல படும், நிழல் ஆடும். காது கேட்காத குழந்தைக்கு மத்த புலன்கள்ல கவனம் ஜாஸ்தி, அதனால திரும்பிடும். இன்னொண்ணு, பட்டாசுச் சத்தம் கேட்கிற காதுக்கு, 'ஸ்' என்கிற மெல்லிய சத்தம் கேட்காமப் போகலாம். அந்தக் குழந்தைக்குப் பேச்சு பாதி பாதியா, ஓட்டை ஓட்டையாத்தான் கேட்கும். வீட்டு டெஸ்ட்ல அது பாஸாயிடும். பேச்சுல ஃபெயிலாயிடும்.

சரியான டெஸ்ட் ஒண்ணும் பயங்கரமானது இல்லை. பிறந்து ரெண்டாவது நாளே செய்யலாம். காதுக்குள்ள மெத்துன்னு ஒரு சின்ன முனையை வெச்சு, 'டிக் டிக்' என்று மெல்லிசா சத்தம் அனுப்புவாங்க. நல்லா இருக்கிற உள்காது பதிலுக்கு ஒரு எதிரொலியைத் திருப்பி அனுப்பும். ஆமாங்க, நம்ம காது கேட்கிறதோட நிக்காம, சத்தமும் போடும்! 1978-ல் லண்டன்ல டேவிட் கெம்ப் என்ற விஞ்ஞானி கண்டுபிடிச்ச விஷயம் இது. ஓ.ஏ.ஈ. என்று சுருக்கமாச் சொல்வாங்க. இதுல சந்தேகம் வந்தா அடுத்தது 'பெரா' டெஸ்ட். குழந்தை தூங்கும்போது நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் ஒயர் ஒட்டி, சத்தம் மூளைத்தண்டு வரைக்கும் போய்ச் சேருதான்னு பார்க்கிறது. ஊசி இல்லை, ரத்தம் இல்லை.

ஒரு மாசத்துக்குள்ள முதல் சோதனை, மூணு மாசத்துக்குள்ள உறுதி, ஆறு மாசத்துக்குள்ள காது மிஷினும் பயிற்சியும். உலகம் முழுக்க டாக்டர்கள் வெச்சிருக்கிற கணக்கு இது. அமெரிக்காவின் கொலராடோவில் செய்து 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாசத்துக்குள்ள கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகள் மொழி வளர்ச்சியில ரொம்ப முன்னாடி இருந்தாங்க. நம்ம ஊர்ல பல குழந்தைகள் எல்.கே.ஜி. அட்மிஷன் அன்னிக்குத்தான் மாட்டுறாங்க என்பதுதான் வயித்தெரிச்சல்.

இன்னொரு சங்கடமான விஷயம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சொந்தத்துல கல்யாணம் செய்தவங்க 28 சதவீதம். இந்தியாவிலேயே நாமதான் டாப். பிறவிக் காது கேளாமைக்குப் பல காரணங்கள் உண்டு. அதில் மரபணு வழியா வர்ற வகைக்குச் சொந்தத் திருமணம் வழி திறந்து விடுது. முறைப் பொண்ணு, முறை மாப்பிள்ளைன்னு கேன்டீன்ல கலாய்ச்சுக்கிற வயசு உங்களுக்கு. நாலஞ்சு வருஷத்துல அந்தப் பேச்சு சீரியஸா வரும்போது, ரெண்டு குடும்பத்துலயும் காது கேளாதவங்க இருக்காங்களான்னு கேட்கிற ஆள் நீங்களா இருங்க.

ஆபரேஷன் ஆச்சு... அப்புறம்?

காது மிஷின் வெச்சும் கேட்காத குழந்தைகளுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற கருவி இருக்கு. (பல மின்முனைகள் கொண்ட தன் முதல் கருவியை ஆஸ்திரேலியாவில் கிரயம் கிளார்க் என்ற டாக்டர் பொருத்தியதும் அதே 1978-ல்தான். அவரோட அப்பாவுக்கே காது சரியாகக் கேட்காது.) கருவி மட்டும் லட்சக்கணக்கில் விலை. தமிழ்நாட்டில் 2009-ல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்ட காலத்திலும், 2012-ல் அதுக்குப் பதிலா வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ஆறு வயசுக்கு உட்பட்ட ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இது இலவசமாப் பொருத்தப்பட்டிருக்கு. நம்ம பக்கத்துல மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில இந்த ஆபரேஷன் நடக்குது. இதுல தமிழ்நாடு நிஜமாவே காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

ஆனா கதை இங்கே முடியலை. ஆபரேஷன் சில மணி நேரம்தான். அப்புறம் சில வாரம் கழிச்சு கருவியை ஆன் செய்வாங்க. அன்னிக்குக் குழந்தை 'அம்மா' என்று கூப்பிட்டு எல்லாரும் அழுவாங்கன்னு நினைச்சா, அது சினிமா. நிஜத்துல பல குழந்தைகள் மிரண்டு அழும். அதுக்கு அது வெறும் சத்தம். மூணு வயசுக் குழந்தையா இருந்தாலும் அதோட 'கேட்கும் வயசு' அன்னிக்குத்தான் ஜீரோ. அங்கிருந்து நாள் தவறாமப் பயிற்சி. குறைஞ்சது ஒரு வருஷம், பல பேருக்கு அதுக்கும் மேல. பயிற்சி விட்டுப்போனா தலைக்குள்ள லட்ச ரூபாய்க் கருவி இருந்தும் பேச்சு வராது.

அந்தப் பயிற்சியில தினமும் காலையில செய்ய வேண்டிய ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டேனியல் லிங் என்பவர் உருவாக்கின ஆறு சத்த டெஸ்ட். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். கனமான சத்தத்துல ஆரம்பிச்சு கீச்சுச் சத்தம் வரைக்கும், பேச்சுக்குத் தேவையான எல்லாம் இந்த ஆறுல அடங்கிடும். அம்மா வாயை மறைச்சுக்கிட்டு ஒவ்வொண்ணாச் சொல்லணும். குழந்தைக்குக் கேட்டா ஒரு டப்பாவுல ஒரு புளியங்கொட்டை போடணும். ஆறு கொட்டை விழுந்தா மிஷின் ஓகே. 'ஸ்'ஸுக்கு விழலைன்னா பேட்டரியோ ஒயரோ ஏதோ மக்கர். செலவு? புளியங்கொட்டை!

அம்மாதான் டீச்சர் என்ற இந்த விஷயத்தைத் தமிழ்நாட்டில் ரொம்ப முன்னாடியே பிடிச்ச இடம் சென்னை அடையாறில் இருக்கிற பால வித்யாலயா. காது கேளாத சின்னக் குழந்தைகளுக்காக 1969-ல் தொடங்கிய பள்ளி. அங்கே குழந்தையை மட்டும் விட்டுட்டு வர முடியாது. அம்மாவும் கூட உட்கார்ந்து கத்துக்கணும். ஸ்பீச் தெரபிஸ்டைக் குழந்தை பார்க்கிறது வாரத்துல ஒண்ணு, ரெண்டு மணி நேரம். வீட்டோட இருக்கிறது மிச்ச நேரம் பூரா.

இங்கே ஒரு இடைச்செருகல். எல்லாக் குழந்தைக்கும் கருவி செட் ஆகாது, எல்லாரும் பேசியே ஆகணும்னும் இல்லை. சைகை மொழியும் இலக்கணம் உள்ள முழு மொழிதான். எந்த மொழியும் கொடுக்காம நாலு வயசு வரைக்கும் ஒரு குழந்தையைச் சும்மா விடுறதுதான் கொடுமை.

விளையாட்டா, வைத்தியமா?

காது நல்லா இருந்தும் பேச்சு லேட்டாகிற குழந்தைகளும் நிறைய. சிலருக்கு ஆட்டிசம் காரணமா இருக்கலாம். சிலருக்கு வளர்ச்சியே கொஞ்சம் மெதுவா இருக்கலாம். சில பேர் தானாவே பிடிச்சுக்குவாங்க. ஆனா எந்தக் குழந்தை தானாப் பிடிச்சுக்கும்னு வீட்டுல உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. ரெண்டு வயசு வரைக்கும் குழந்தைக்கு ஸ்கிரீனே வேண்டாம், அதுக்கு மேல நாளைக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கு. செல்போன் பேசும், ஆனா குழந்தை பதில் சொல்ற வரைக்கும் அது காத்திருக்காது.

ஸ்பீச் தெரபி ரூமை எட்டிப் பார்த்தா, 'இதுக்கா இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தோம்?' என்று தோணும். தரையில பாய். கொஞ்சம் பொம்மை. தெரபிஸ்ட் பஸ்ஸை உருட்டி 'பாம்... பாம்...' என்கிறார். மூடியை இறுக்கமா மூடின டப்பாவுக்குள்ள பிஸ்கட்டை வெச்சுக் குழந்தை கையில கொடுத்துட்டு, பேசாம இருக்கார். அந்தப் 'பேசாம இருக்கிறது'தான் வித்தை! மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். குழந்தை முகத்தைப் பார்க்கும், டப்பாவைப் பார்க்கும், ஏதோ ஒரு சத்தம் வரும். 'தி...' என்று வந்தாப் போதும், 'திற! திறக்கணுமா? இதோ திறந்தாச்சு' என்று அதை முழுசாக்கித் திருப்பிக் கொடுக்கணும். குழந்தை 'பால்' என்றால் நாம 'பால் வேணும்'. குழந்தை 'பால் வேணும்' என்றால் நாம 'சூடா பால் வேணும்'. எப்பவும் ஒரு படி மேல, ஒரே ஒரு படி.

நம்ம வீடுகள்ல என்ன நடக்குது? சுத்தி நின்னு வைவா எடுக்கிறோம். 'இது என்ன சொல்லு? மாமா சொல்லு. சொன்னாத்தான் சாக்லேட்!' எக்ஸ்டர்னல் முன்னாடி உங்களுக்கே நாக்கு ஒட்டிக்குது இல்லையா? அதேதான். கேள்வியைக் குறைச்சு, நடக்கிறதைச் சொல்லிக்கிட்டே போகணும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல இருந்து வந்த காய்கறிப் பையைக் கொட்டினா அதுவே ஒரு மணி நேர கிளாஸ். 'முருங்கைக்காய் நீளம்! தக்காளி உருளுது... ஐயோ, ஓடுது, பிடி!' 

தமிழ் இதுக்கு ரொம்பத் தோதான பாஷை. மம்மு, பாச்சி, உம்மாச்சி, ஜூஜூ, டாட்டா என்று குழந்தைக்குன்னே ஒரு குட்டி அகராதி வெச்சிருக்கோம். சலசல, மடமட, கடகட என்ற இரட்டைக்கிளவியை நமக்கு எட்டாங்கிளாஸ்ல மார்க்குக்காக நடத்தினாங்க. ரெண்டு வயசுக் குழந்தைக்கு அதுதான் முதல் பாடம். ஒரே சத்தம் திரும்பத் திரும்ப வர்றதால காதுக்குப் பிடிபடுறது ஈஸி. கையை வீசிப் பாடுறது, உள்ளங்கையில நண்டு ஓட விடுறது எல்லாமே தெரபிதான். பாட்டிங்களுக்கு சர்டிபிகேட் கொடுக்காததுதான் குறை.

திண்டுக்கல்லுக்கே உரிய ஒரு சந்தேகம் வேற இருக்கு. இங்கே பல வீடுகள்ல தெலுங்கு, கன்னடம், சௌராஷ்டிரம் பேசுறாங்க. தெருவில் தமிழ், ஸ்கூல்ல இங்கிலீஷ். 'மூணு பாஷை குழப்புது, அதான் புள்ள பேசலை; வீட்டுல இங்கிலீஷ்லயே பேசுங்க' என்று அட்வைஸ் செய்றவங்க உண்டு. ரெண்டு மூணு மொழி கேட்டு வளர்றதால பேச்சுக் கோளாறு வரும் என்பதற்கு ஆதாரமே இல்லை. அம்மாவுக்கு எந்த பாஷையில கொஞ்ச வருமோ, திட்ட வருமோ, அந்த பாஷைதான் குழந்தைக்கு வேணும். அரைகுறை இங்கிலீஷ்ல 'கம், சிட், ஈட்' என்று மூணு வார்த்தையில ஓட்டினா குழந்தை எதைக் கத்துக்கும்?

சரி, நீங்க என்ன பண்ணலாம்?

வேடசந்தூர் பக்கம் மில்லுல ஷிப்ட் போற அம்மா, வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு டவுனுக்கு வரணும்னா ஒரு நாள் கூலி போச்சு. பஸ் கட்டணம் மட்டும் ஓரளவு தீர்ந்திருக்கு: 2021-ல் இருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லை, மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் இல்லை. கூலிக்கும் லீவுக்கும் வழி இல்லை. முதல் ரெண்டு மாசம் ஒழுங்கா வந்துட்டு, மூணாவது மாசம் நின்னு போறதுக்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை. அப்பா, மாமா, சித்தி, காலேஜ் லீவுல இருக்கிற நீங்க, யாராவது மாத்தி மாத்திக் கூட்டிட்டுப் போனா அது நிக்காது.

அரசு ஏற்பாடு இல்லாமல் இல்லை. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் டாக்டர் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வரணும். காது கேளாமையும் பேச்சுத் தாமதமும் அவங்க பார்க்க வேண்டிய லிஸ்ட்ல இருக்கு. அவங்க அனுப்பி வைக்கிற குழந்தைகளைப் பார்க்க மாவட்டத்துக்கு ஒரு ஆரம்பநிலை மையம் என்பது திட்டம். அன்னிக்குக் குழந்தை பால்வாடிக்கு வரலைன்னா ஆறு மாசம் போச்சு! என்.எஸ்.எஸ். கேம்ப் போகிற கோஷ்டிகளே, கோயில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சது போதும். ரெட்டியார்சத்திரம், நத்தம், சாணார்பட்டி பக்கம் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் அங்கன்வாடி டீச்சர்கிட்ட 'பேசாத குழந்தை யாராவது இருக்காங்களா, டாக்டர் பார்த்தாச்சா?' என்று ஒரு கேள்வி கேட்டுட்டு வாங்க.

பிளஸ் டூ-வுல சயின்ஸ் குரூப் படிக்கிற தம்பி, தங்கச்சி இருந்தா, பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற படிப்பைப் பத்திச் சொல்லுங்க. இன்டர்ன்ஷிப் ஒரு வருஷத்தையும் சேர்த்து நாலு வருஷம். மைசூரில் 1965-ல் மத்திய அரசு தொடங்கிய பேச்சு, செவித்திறன் கல்வி நிலையம் இதுக்குத் தாய்வீடு மாதிரி. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இந்தப் படிப்பு உண்டு. முடிச்சதும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்யணும். இன்ஜினீயரிங் சீட்டுக்கு அடிச்சுக்கிற ஊர்ல இந்தப் பேரே பல பேருக்குத் தெரியாது. திண்டுக்கல் ஆளு ஒருத்தர் படிச்சுட்டு வந்தா, 'ஏத்தா, இங்க வா கண்ணு' என்று நம்ம ஊர்த் தமிழ்லயே தெரபி நடக்கும்.

அக்காவோட நீங்களும் கிளம்பிட்டீங்கன்னா, மருத்துவக் காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, தடுப்பூசி அட்டை மூணையும் பையில போட்டுக்குங்க. குழந்தைக்கு எந்த மாசம் என்ன சத்தம் வந்தது, எதுக்குத் திரும்பினான், எதுக்குத் திரும்பலைன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க. டாக்டர் முதல்ல கேட்கிறது அதைத்தான். 'பெரா' டெஸ்ட்டுக்குக் குழந்தை அங்கே போய்த்தான் தூங்கணும். அதனால சீக்கிரமா எழுப்பிடுங்க. பஸ்ல ஜன்னல் சீட்டா பார்த்து உட்கார்ந்து, மாடு, லாரி, பாலம்னு எதையாவது காட்டிப் பேசிக்கிட்டே போங்க. ஊர் வந்து சேர்ற வரைக்கும் அவனைக் கண் அசர விட்டுடாதீங்க!